சூடானால் ஸ்டார்ட் ஆகாத பழைய கார்: எதை முதலில் மாற்றுவது?

போன சித்திரையில் திருச்செந்தூர் ரோட்டில், கருங்குளம் தாண்டி, பதனி குடிக்க வண்டியை ஓரங்கட்டினேன். பட்டையைக் கையில் வாங்கி, அதில் நுங்கு வெட்டிப் போடச் சொல்லி, நின்றபடியே ஊர்க்கதை பேசி முடிக்க இருபது நிமிஷம் ஆகியிருக்கும். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் நன்றாகத்தான் சுற்றுகிறது. எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடி அடித்தேன், மறுபடி அடித்தேன், பேட்டரி இறங்கிவிடுமோ என்ற பயத்தில் விட்டுவிட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆனது.

"வண்டிக்கும் வெக்க தாங்கல போல, அண்ணாச்சி" என்றார் பதனிக்காரர். அடுத்த ஒரு வாரம் நான் கேட்ட அத்தனை பேச்சிலும் உண்மைக்கு மிக அருகில் இருந்தது அவர் சொன்னதுதான்.

வண்டி 2004 மாடல் பெட்ரோல் கார், எம்பிஎஃப்ஐ, அதாவது கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை. ஊருக்கு வந்ததும் நான்கு பேர் நான்கு தீர்ப்பு சொன்னார்கள். பைபாஸ் ரோட்டு மெக்கானிக், "பெட்ரோல் பம்பு போயிட்டு அண்ணாச்சி, செட்டாவே மாத்திருவோம்" என்றார். இன்னொருவர், எஞ்சின் சுற்றுவதைக் கவனிக்கும் கிராங்க் சென்சார்தான், வேறு பேச்சே கிடையாது என்றார். எலக்ட்ரீசியன் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ் பார்க்க வேண்டும் என்றார். மைத்துனன், "எதுக்கு அத்தான் அலையுதிய, ஸ்கேனர் போட்டா அதுவே சொல்லிரும்" என்றான். இத்தனைக்கும் இவர்களில் ஒருவர்கூட வண்டி மக்கர் செய்யும்போது பார்த்ததில்லை. ஒர்க்ஷாப்பில் யாராவது பார்க்க வரும்போது வண்டி ஆறியிருக்கும், சமர்த்தாக ஸ்டார்ட் ஆகும்.

செலவும் சாமானுக்குச் சாமான் வேறு. எஞ்சின் சூட்டை அளக்கும் டெம்பரேச்சர் சென்சார் என்றால் சில நூறு ரூபாயில் முடியும். கிராங்க் சென்சார் ஆயிரம், இரண்டாயிரம். செல்ஃப் மோட்டார் ஓவர்ஹாலும் கிட்டத்தட்ட அந்த அளவுதான், கொஞ்சம் கூடலாம். பம்ப் செட்டாக மாற்றினால் எல்லாவற்றையும்விட அதிகம். மலிவானதிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம் என்று முதலில் எனக்கும் தோன்றியது. அது தப்புக் கணக்கு. மூன்று மலிவான சாமானை மாற்றியும் தீராவிட்டால், அந்தப் பணத்தில் சரியான சாமானையே வாங்கியிருக்கலாம். போதாததற்கு, டூப்ளிகேட் சென்சார் போட்டு இல்லாத கோளாறை நாமே உண்டாக்கிக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது.

எப்போது மறுக்கிறது?

எஞ்சினை நிறுத்தியதும் பானட்டுக்குள் சூடு உடனே இறங்காது, ஏறும். கூலண்ட் ஓடுவது நின்றுபோகும், காற்று வராது. எஞ்சின் பிளாக்கில் இருக்கும் சூடெல்லாம் மேலே வந்து, எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டிலும், அதன் மேல் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயான ஃப்யூயல் ரெயிலிலும் இறங்கும். பத்து நிமிஷத்திலிருந்து அரை மணி நேரம் வரைக்கும் உச்சம், அப்புறம் மெல்லக் குறையும். வெளியே 38, 39 டிகிரி அடிக்கிற பாளையங்கோட்டை மத்தியானத்தில் அந்த உச்சம் இன்னும் கொஞ்சம் உயரும், இறங்கவும் நேரம் எடுக்கும்.

அதனால் பெட்ரோல் போட்டுவிட்டு இரண்டு நிமிஷத்தில் சாவி போட்டால் ஸ்டார்ட் ஆகிறது, கால் மணி நேரம் நிறுத்தி எடுத்தால் மறுக்கிறது, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி நன்றாக இருக்கிறது என்றால், சந்தேகம் பெட்ரோல் பக்கம் போக வேண்டும். ரெயிலில் பெட்ரோல் ஆவியாகிறது, இல்லையென்றால் இன்ஜெக்டர் ஒழுகி மேனிஃபோல்டில் பெட்ரோல் தேங்குகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென அணைந்துபோவது, உடனே சாவி போட்டாலும் ஸ்டார்ட் ஆகாதது, ஆறினால் மட்டும் ஆவது என்றால் கிராங்க் சென்சாரும், ஸ்பார்க்குக்குக் கரண்ட் கொடுக்கும் இக்னிஷன் காயிலும் முன்னால் வரும். செல்ஃபே மந்தமாக, மூச்சு வாங்குவதுபோல் சுற்றினால் இது எதுவுமே இல்லை. பேட்டரி, கேபிள், செல்ஃப் மோட்டார் வழியில் போக வேண்டும்.

இந்த மூன்றையும் பிரிக்க ஒரு பைசா செலவில்லை. ஒரு வாரம் டேஷ்போர்டில் சின்ன நோட்டு ஒன்று வைத்து, எவ்வளவு தூரம் ஓட்டினோம், எத்தனை நிமிஷம் நிறுத்தினோம், எப்படி ஸ்டார்ட் ஆனது என்று மூன்றே விஷயம் எழுதினேன். டவுனுக்குப் போய் அல்வாவுக்கு வரிசையில் நின்ற நாள், வண்ணாரப்பேட்டையில் கல்யாண வீட்டில் தலைகாட்டிய நாள், ஆலங்குளத்தில் டீ குடித்த நாள், எல்லாம் நோட்டில் இருக்கிறது. வீட்டில் சிரித்தார்கள். ஆனால் அந்த நான்கு பேரிடமும் கிடைக்காத பதில் அந்த ஒன்றரைப் பக்கத்தில் இருந்தது. மறுத்ததெல்லாம் 15 நிமிஷத்துக்கும் 40 நிமிஷத்துக்கும் இடையில் நிறுத்திய நாட்களில். ஓட்டும்போது ஒரு தடவைகூட அணையவில்லை.

பம்ப் கட்சி

அம்பாசடர் ஓட்டியவர்களுக்கு இந்தக் கதை பழையது. எஞ்சினிலேயே பொருத்தியிருந்த பெட்ரோல் பம்ப் (ஏசி பம்ப் என்பார்கள், ஏர்கண்டிஷன் அல்ல) சூடாகி, பெட்ரோலை இழுக்க முடியாமல் போகும். குற்றாலம் ரோட்டில் டாக்ஸிக்காரர்கள் பம்ப் மேல் ஈரத் துணியைச் சுற்றிவிட்டு ஓரமாக பீடி குடித்துக்கொண்டு நிற்பார்கள். எம்பிஎஃப்ஐ வந்த பிறகு பம்ப் டாங்கிக்குள் போய்விட்டது, அங்கிருந்து பெட்ரோலைத் தள்ளுகிறது. பெரும்பாலான பழைய எம்பிஎஃப்ஐ வண்டிகளில் ரெயிலில் 2.5 முதல் 3.5 பார் வரை அழுத்தம் இருக்கும். 3 பார் என்றால் சுமார் 43 பிஎஸ்ஐ, கார் டயரில் இருப்பதைவிடக் கூடுதல்.

அந்த அழுத்தம் இன்ஜெக்டர் பீய்ச்சுவதற்கு மட்டுமல்ல. குக்கருக்குள் தண்ணீர் நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிற அதே காரியம் இங்கேயும் நடக்கிறது. சாதாரண காற்றழுத்தத்தில் பெட்ரோலின் லேசான பகுதி 35, 40 டிகிரியிலேயே கொதிக்க ஆரம்பித்துவிடும். அழுத்தத்தில் அடைபட்டிருக்கும்வரை சூடான ரெயிலிலும் திரவமாகவே கிடக்கும். வண்டியை நிறுத்திய பிறகும் இந்த அழுத்தம் குறையாமல் பிடித்துவைப்பது பம்ப்போடு இருக்கும் ஒரு சின்ன செக் வால்வு, பெட்ரோலை ஒரு பக்கமாக மட்டும் விடுவது. அது தேய்ந்தால், நிறுத்திய சில நிமிஷங்களில் பெட்ரோல் டாங்கிக்கே திரும்பி இறங்கிவிடும், ரெயிலில் மிஞ்சியது ஆவியாகும். இன்ஜெக்டர் ஆவியைத்தான் துப்பும். எஞ்சின் எப்படிப் பிடிக்கும்?

செக் வால்வு போன வண்டி காலையில் ஏன் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறது என்று கேட்பீர்கள். காலையிலும் அழுத்தம் கிடையாதுதான். ஆனால் பெட்ரோல் குளிர்ந்திருக்கிறது, ஆவி இல்லை, பம்ப் இரண்டு விநாடி ஓடியதும் ரெயில் நிறைந்துவிடுகிறது. உற்றுக் கவனித்தால் காலையிலும் அரைச் சுற்று கூடுதலாகத்தான் எடுக்கும், நாம்தான் கண்டுகொள்வதில்லை.

இதைக் கண்டுபிடிக்க நூறு ரூபாய் சாமான்கூட வேண்டாம். வண்டி மறுக்கும் அந்த நேரத்தில் செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் மட்டும் செய்யுங்கள். பின்சீட்டுப் பக்கமிருந்து 'ஊய்ங்' என்று இரண்டு மூன்று விநாடி ஒரு சத்தம் வரும், அதுதான் பம்ப். ஆஃப் செய்து மறுபடி ஆன். இப்படி மூன்று தடவை செய்துவிட்டு நான்காவது தடவை செல்ஃப் அடியுங்கள். சட்டென்று பிடித்து, இரண்டு மூன்று விநாடி குலுங்கிவிட்டுச் சமமானால் கோளாறு அழுத்தம் ஒழுகுவதில்தான் இருக்கிறது. சத்தமே வராவிட்டால் பம்ப்பைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் ரிலேயை, அதாவது பம்ப்புக்குக் கரண்ட் விடும் சுவிட்சைப் பாருங்கள். பழைய ரிலேயில் சால்டர் கீறல் விட்டு, சூட்டில் மட்டும் தொடர்பு அறுந்துபோவது உண்டு. ஹாரன் ரிலேயும் அதே நம்பராக இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பார்த்துவிடலாம், ஐந்து நிமிஷ வேலை.

ஆனால் ஒன்று. அழுத்தம் ஒழுகுகிறது என்று தெரிந்துவிட்டதாலேயே பம்ப்தான் என்று ஆகிவிடாது. ஒழுகல் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரிலும் இருக்கலாம், இன்ஜெக்டரிலும் இருக்கலாம். மெக்கானிக்குகள் அவசரப்படும் இடம் இதுதான். ரெயிலில் பிரஷர் கேஜ் மாட்டி, எஞ்சினை ஓட்டி நிறுத்தி, முள் இறங்குவதைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷத்தில் பூஜ்யத்துக்கு வந்தால், அடுத்த தடவை அழுத்தம் ஏறியதும் டாங்கியிலிருந்து வரும் ரப்பர் ஹோஸைக் கிளாம்ப் போட்டு நெரித்துப் பார்க்கலாம். நெரித்த பிறகு முள் நின்றால் ஒழுகல் டாங்கிப் பக்கம். நெரித்தும் இறங்கினால் இன்ஜெக்டர், அல்லது ரெயிலில் இருக்கும் ரெகுலேட்டர். நைலான் பைப்பில் கிளாம்ப் போடாதீர்கள், விரிசல் விடும். ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றி முகர்ந்தால் பெட்ரோல் வாடை வரக் கூடாது, வந்தால் உள்ளே டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. கேஜ் மாட்டும்போது ரெயிலில் அழுத்தம் இருக்கும், பெட்ரோல் பீய்ச்சும். துணி சுற்றிக்கொண்டு, எஞ்சின் ஆறிய நேரத்தில், பீடிக்காரர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டிய வேலை.

ஒழுகும் இன்ஜெக்டர், ஏமாற்றும் சென்சார்

மேலே சொன்னது பெட்ரோல் போதாமல் வரும் மறுப்பு. இதற்கு நேர் எதிராக, பெட்ரோல் அதிகமாகி மூழ்கிப்போவதாலும் வண்டி அதே கால் மணி நேரக் கணக்கில் மறுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். பிரிக்கிற வழி ஆக்ஸிலரேட்டரில் இருக்கிறது. மறுக்கும்போது பெடலைத் தரைவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். பல எம்பிஎஃப்ஐ வண்டிகளில், இப்படிச் செய்தால் இசியு, அதாவது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர், இன்ஜெக்டரை நிறுத்திக் காற்றை மட்டும் உள்ளே விடும். சைலன்சரில் கரும்புகை தள்ளி, பெட்ரோல் வாடையோடு ஸ்டார்ட் ஆனால் வண்டி மூழ்கியிருந்தது என்று அர்த்தம். பம்ப் மாற்றினால் தீராது.

மூழ்கடிப்பது இன்ஜெக்டராக இருக்கலாம், டெம்பரேச்சர் சென்சாராகவும் இருக்கலாம். சென்சார் எஞ்சின் சூட்டைத் தப்பாகச் சொன்னால், கொதிக்கிற எஞ்சினுக்கு இசியு மார்கழிக் காலைக்கான பெட்ரோலை அள்ளிக் கொடுக்கும். "மீட்டர் முள் நடுவுலதான் நிக்கி, சென்சார் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்பவரை நம்ப வேண்டாம். பல பழைய வண்டிகளில் டேஷ்போர்டு முள்ளுக்கு ஒரு சென்சார், இசியுவுக்கு வேறு சென்சார். மல்டிமீட்டரில் ஓம் பார்த்தால் பல வண்டிகளில் 20 டிகிரியில் இரண்டு, இரண்டரை கிலோ ஓம் இருப்பது 80 டிகிரியில் 300 ஓம் பக்கம் இறங்கும். சூட்டிலும் ஆயிரத்துக்கு மேல் காட்டினால் மாற்றிவிடலாம். விலை குறைவு, கழற்றுவதும் எளிது, ஆறிய பிறகு கழற்றுங்கள்.

கிராங்க் சென்சார் கட்சி

இதற்கு ஆதரவாளர்கள் அதிகம். காரணம் இல்லாமல் இல்லை. சென்சாருக்குள் இருக்கும் மெல்லிய கம்பிச் சுருள் சூட்டில் விரிந்து அறுந்து, ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் சுற்றுகிறது என்ற செய்தியே இசியுவுக்குப் போகாது. ஸ்பார்க்கும் வராது, இன்ஜெக்டரும் திறக்காது. எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் டேக்கோ மீட்டர் உள்ள வண்டியானால் செல்ஃப் அடிக்கும்போது முள்ளைப் பாருங்கள். லேசாகத் துடித்தால் சென்சார் உயிரோடு இருக்கிறது. பல வண்டிகளில் இது நம்பத்தக்க அடையாளம், எல்லாவற்றிலும் அல்ல. இன்னொன்று, மறுக்கும்போது சென்சார் மேல் மட்டும் ஒரு குவளை பச்சைத் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பார்ப்பது. ஒரு நிமிஷத்தில் ஸ்டார்ட் ஆனால் வேறு சாட்சி தேவையில்லை. சூடான சைலன்சர் பைப் மேலும் இக்னிஷன் காயில் மேலும் தெளித்துவிடாதீர்கள்.

மாற்றுவதாக இருந்தால் ஒரிஜினல். டூப்ளிகேட் சென்சார் போட்டு ஒரே கோடையில் மறுபடி ரோட்டில் நின்ற நண்பர் இருக்கிறார். நாங்குநேரி டோல் பக்கம், நான்குவழிச் சாலையில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது வண்டி அணைந்தது. பம்ப் வால்வு போனால் நின்ற இடத்தில்தான் சங்கடம். கிராங்க் சென்சார் போனால் ஓடும்போதே ஆபத்து. அறிகுறி அந்தப் பக்கம் காட்டினால் இதில் தள்ளிப்போடுவதற்கு இடமில்லை.

செல்ஃப் மோட்டார் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மந்தமாகச் சுற்றினால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனையில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் முதலில் பேட்டரியும் டெர்மினலும். வோல்ட் நன்றாக இருந்தும் சுற்றாவிட்டால் எர்த் கேபிளைச் சுத்தம் செய்துவிட்டு, அப்புறம் மோட்டாரைக் கழற்றலாம். என் வண்டியில் செல்ஃப் சுறுசுறுப்பாகச் சுற்றியது. எலக்ட்ரீசியன் பாவம், அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

ஸ்கேனர் போட்டால் தெரியாதா?

மைத்துனன் சொன்னது புது வண்டிக்குச் சரி. இந்தியாவில் ஓபிடி, அதாவது வண்டியே தன் கோளாறைப் பதிந்துவைத்து ஸ்கேனருக்குச் சொல்லும் வசதி, கட்டாயமானது பாரத் ஸ்டேஜ் 4 வண்டிகளில், 2010 ஏப்ரல் முதல், இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலில். அதற்கு முந்தைய வண்டிகளில் சாக்கெட் ஒரேமாதிரி இருந்தாலும் பேசும் பாஷை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஆன்லைனில் வாங்கும் புளூடூத் டாங்கிள் என் வண்டியோடு கடைசிவரை பேசவே இல்லை. அந்தக் கம்பெனி வண்டிக்கான ஸ்கேனர் வைத்திருக்கும் ஒர்க்ஷாப்புக்குத்தான் போக வேண்டும்.

அங்கே போனாலும் ஒரு சிக்கல். இந்த வயது வண்டிகளில் ரெயில் அழுத்தத்தை அளக்கும் சென்சாரே பெரும்பாலும் கிடையாது. அழுத்தம் இறங்கியது இசியுவுக்குத் தெரியாது, கோளாறைச் சொல்லும் எரர் கோடும் பதியாது. கிராங்க் சென்சார் செத்தாலும், எஞ்சின் சுற்றவில்லை போல என்று நினைத்து இசியு சும்மா இருந்துவிடலாம். 'கோடு ஒன்றும் இல்லை, வண்டி நல்லா இருக்கு' என்று பில் போட்டுக் கொடுப்பார்கள். ஸ்கேனர் உண்மையில் உதவும் இடம் டெம்பரேச்சர் சென்சார் ஒன்றுதான். ஓட்டி நிறுத்திய கால் மணி நேரத்தில் திரையில் 90 டிகிரி பக்கம் காட்டுகிறதா, 40 காட்டுகிறதா என்று பார்த்தால் போதும்.

ஆகவே என் தேர்வு வரிசை இது: முதலில் நோட்டு, அடுத்து சாவி மூன்று தடவை, அதற்கடுத்து பெடல். இவை மூன்றும் இலவசம். பிறகு பிரஷர் கேஜ் வைத்திருக்கும் மெக்கானிக், ஸ்கேனர் அதற்கும் பிறகு. கேஜ் இல்லாமல் பம்ப் மாற்றச் சொல்பவரிடம் நான் வண்டியை விட மாட்டேன். வேலை தெரியாதவர் என்பதற்காக அல்ல. அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம், ஆனால் தப்பாகப் போனால் பணம் என்னுடையது.

நடுவில் எல்லோரும் கேட்கும் கேள்வி, எல்லாம் எத்தனால் பெட்ரோலால்தானே? 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் பெட்ரோல் பங்க்குகளுக்கு வர ஆரம்பித்தது. பெட்ரோலில் கொஞ்சம் எத்தனால் சேர்ந்தாலே கலவை சுலபமாக ஆவியாகும் என்பது உண்மைதான், ஆனால் அது 10 சதவீதத்திலேயே நடந்துவிட்டது. பழைய வண்டியில் எனக்குக் கவலை ரப்பர்தான். ஹோஸும் ஓ-ரிங்கும் அந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்கள். உப்பியிருந்தாலோ வெடித்திருந்தாலோ மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதை மாற்றுங்கள், அது தீப்பிடிக்கும் விஷயம்.

கடைசியில் என் வண்டியில் என்ன ஆனது? கேஜ் வைத்திருந்த ஒரு மெக்கானிக் பாவூர்சத்திரம் பக்கம் கிடைத்தார்.  ஓடும்போது 3 பார், துடிப்பில்லாமல். நிறுத்தியதும் முள் படபடவென்று இறங்கியது. ஹோஸை நெரித்ததும் நின்றது. "வால்வுதான் அண்ணாச்சி. பம்பு தள்ளுத தள்ளுல குறையில்ல, பிடிச்சு வைக்கத்தான் மாட்டேங்கி" என்றார்.

இப்போது முன்னால் இருந்தது வேறு தேர்வு. செட்டாக மாற்றலாம், பம்ப் மோட்டாரை மட்டும் வாங்கிப் பழைய கூட்டில் பொருத்தலாம், வெளியே லைனில் ஒரு செக் வால்வு சேர்க்கலாம், இல்லையென்றால் சாவியை மூன்று தடவை போட்டே காலத்தை ஓட்டலாம். வெளி வால்வை உடனே ஒதுக்கினேன். 3 பார் பெட்ரோல் லைனில் கூடுதலாக இரண்டு இணைப்பு, இரண்டு கிளாம்ப், ஒழுகினால் சூடான எஞ்சின் பக்கம். செட் எனக்கு அநாவசியம், ஏனென்றால் அதிலிருக்கும் பெட்ரோல் அளவு காட்டும் மிதவையும் ஃபில்டரும் நன்றாக இருந்தன. மோட்டார் மட்டும் மாற்றினால் பாதிச் செலவு, வால்வும் அதோடு சேர்ந்தே வரும். ஆனால் பின்சீட்டைத் தூக்கி மூடியைத் திறக்கும்போது பழைய சீல் வளையத்தைத் திரும்பப் போட்டால் காருக்குள் பெட்ரோல் வாடை நிரந்தரமாகிவிடும், புது வளையம் கட்டாயம்.

அழுத்தம் ஓடும்போது சரியாக இருக்கும்வரை இந்தக் கோளாறு நம்மை நட்டாற்றில் விடாது என்பதால் மோட்டாரை ஆர்டர் மட்டும் போட்டுவிட்டு, வேலையைச் சாரல் காலத்துக்குத் தள்ளிவைத்தேன். அதுவரை டாங்கியில் கால் பங்குக்குக் கீழே இறங்க விடுவதில்லை, ஏனென்றால் அந்தப் பம்ப்பைக் குளிர்விப்பதே அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். வீட்டில் அவள் வண்டியை எடுத்தாலும், காய்கறிப் பையைப் பின்சீட்டில் போட்டுவிட்டு, சாவியை மூன்று தடவை ஆன் செய்து, தலையைத் திருப்பி அந்த 'ஊய்ங்' சத்தத்தைக் கேட்ட பிறகுதான் செல்ஃப் அடிக்கிறாள்.